பாதிக்கு அப்பால் இரண்டு விரல்

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலுலு எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் என் கணவன் வெண்டெல் மைல் கணக்கில் பதில் சொல்லமாட்டான்.

"எந்த நாளைக்குக் கேக்கறீங்க?" என்பான்.

கேட்டவர்கள் விழிப்பார்கள். "ஜனவரியா, ஜூலையா? போறதுக்கா, வர்றதுக்கா?" என்று மேலும் குழப்புவான். அப்புறம்தான் சிரிப்பான்.

ஹொனலுலு விமான நிலையத்தின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் அவன் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தான். கடலைத் தாண்டும் விமானங்களுக்கு வழி போட்டுக் கொடுக்கும் வேலை. எந்த உயரத்தில் போவது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, காற்று எங்கே எதிர்க்கும், எங்கே தள்ளிவிடும் என்பதெல்லாம் அவன் மேசையில் முடிவாகும். இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டாயிரத்து நானூறு மைல், இறங்கி நிற்க ஒரு திட்டு நிலம்கூடக் கிடையாது. மைல் மாறாது. நேரம் மட்டும் தினமும் மாறும். மேற்கே ஹொனலுலுவுக்கு வரும்போது காற்று நெஞ்சில் முட்டும். கிழக்கே போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும்.

"தூரம்னு ஒண்ணு தனியா கிடையாது, லோரி. காத்து என்ன மனநிலையில இருக்கோ அதுதான் தூரம்" என்பான். இதை வீட்டுக்குள்ளும் பயன்படுத்துவான். என்னோடு சண்டை போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுக்காமல் சோபாவில் படுத்துக்கொண்டு, "இன்னிக்கு உங்க அம்மா வீடு ரொம்ப தூரம்" என்பான். அம்மா வீடு அதே தீவில்தான் இருந்தது.

நான் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவள். எனக்குக் காற்றுக் கணக்கு வராது. அவன் சொன்னதை எல்லாம் வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அந்தப் பிப்ரவரிப் பயணம் வரைக்கும்.

அப்போது நாங்கள் மெயின்லாண்ட் என்று தீவுக்காரர்கள் சொல்லும் அமெரிக்கப் பெருநிலத்தில், சான்பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில், மகள் மிச்சியின் வீட்டில் இருந்தோம். வெண்டெலின் சிகிச்சைக்காகப் போனது. இரண்டு குளிர்காலம் அங்கே கழிந்தது. அந்த ஊரில் மத்தியானத்திலேயே மூடுபனி தெருவில் இறங்கி எதிர்வீட்டை அழித்துவிடும். வெண்டெல் ஜன்னலோரம் போர்வைக்குள் உட்கார்ந்து, இல்லாத எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். இனிச் செய்ய எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று, காரில் ஏறியதும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"வீட்டுக்குப் போலாமா?"

மிச்சி தன் வீட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பினாள். "அங்க இல்ல, பாப்பா. கைமுகி" என்றான். ஹொனலுலுவில் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் வீடு அது.

டாக்டர் சின்னப் பெண். போனில் நான் கேட்டபோது தயங்கினாள். "ஒரு மாசம் இருக்கலாம், ஒரு வாரமாவும் இருக்கலாம். பறக்கக் கூடாதுன்னு சொல்லமாட்டேன். பறங்கன்னும் சொல்லமாட்டேன்."

"நாங்க போடற வானிலை அறிக்கை மாதிரியே பேசறா. நல்ல டாக்டர்" என்றான் வெண்டெல்.

மிச்சி அழுதாள், கத்தினாள். "நடுக்கடல்ல ஏதாவது ஆச்சுன்னா என்னப்பா பண்ணுவ? அஞ்சு மணி நேரம்!"

"அஞ்சரை. பிப்ரவரியில எதிர்க்காத்து ஜாஸ்தி."

"அங்க போய் என்ன பண்ணப் போற? வீடு பூட்டிக் கெடக்கு."

"பூட்டைத் திறப்பேன்."

மிச்சி மூக்கைச் சிந்திவிட்டுச் சமையலறைக்குப் போய், வழிக்கு வேண்டும் என்று சோற்றில் பொரித்த டின் இறைச்சி வைத்து முசுபி கட்ட ஆரம்பித்தாள். கடற்பாசித் தாளைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். ஒரு முசுபிகூட நேராக வரவில்லை.

விமானத்தில் ஜன்னலோரம் அவன், நடுவில் நான். நடைபாதைப் பக்கம் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். பெரிய செம்பருத்திப் பூ போட்ட புதுச்சட்டை. காலரின் பின்புறம் விலைச்சீட்டு தொங்கியது. பேர் பெர்னீஸ். ஓஹையோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். கடலையே அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறாளாம்.

"எங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே எங்க ஊர்ச் சட்டையைப் போட்டுட்டாங்களே" என்று வெண்டெல் என் காதில் சொன்னான். நான் அவன் தொடையைக் கிள்ளினேன். அந்த அளவுக்கு அவன் நன்றாகத்தான் இருந்தான்.

பணிப்பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும், கொண்டையில் வெள்ளைப் பூ. அவள் பேச்சைக் கேட்டதுமே எங்கள் ஊர்ப் பெண் என்று தெரிந்துவிட்டது. சட்டையில் உயிலானி என்று பேர் குத்தியிருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் முதலில் கேட்பதை அவளும் கேட்டாள்.

"அங்கிள், எந்த ஹைஸ்கூல்?"

"ஃபாரிங்டன்."

"அச்சச்சோ! நான் கைமுகி ஸ்கூல், எதிரிக் கட்சி. அப்ப நாம பேசிக்கக் கூடாதே."

"கைமுகியா? எங்க தெருமுனையில அந்த ஸ்கூல் பசங்கதான் வந்து நின்னு மாங்கா திருடுவாங்க."

"எந்தத் தெரு, அங்கிள்? மஞ்ச வீட்டு மரமா? அப்ப அதுல கொஞ்சம் நானும் தின்னிருக்கேன்."

வெண்டெல் சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. உயிலானி அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க, ஆன்ட்டி" என்றாள். அந்தப் பார்வையில் வேறு எதுவும் இருந்ததா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

விமானம் ஏறி நிலை கொண்டதும் கேப்டனின் குரல் வந்தது. ஹொனலுலு போகும் அந்த விமானத்தில் ஒரு விளையாட்டு உண்டு. மொத்த தூரம், கிளம்பிய நேரம், வேகம், எதிர்க்காற்று எல்லாம் சொல்வார்கள். இரண்டு ஊருக்கும் சரிபாதி தூரத்தை விமானம் எப்போது தாண்டும் என்று மணி, நிமிஷம், விநாடி வரை ஆளுக்கு ஓர் அட்டையில் எழுதித் தரவேண்டும். யார் கணக்கு கிட்ட வருகிறதோ அவருக்கு ஒரு பாட்டில் ஒயின். வேலையில் இருந்தவரை வெண்டெல் இதை ஆடியதில்லை, என்னையும் ஆடவிட்டதில்லை. காற்றைத் தெரிந்தவன் ஆடினால் மற்றவர்களுக்கு நியாயமில்லை என்பான்.

அன்று அட்டையை முதலில் கைநீட்டி வாங்கியவன் அவன்தான்.

"இப்ப நான் வெறும் பயணி" என்றான். "எல்லாரும் மொத்த நேரத்தை எடுத்து ரெண்டா வெட்டுவாங்க. அங்கதான் தப்பு பண்ணுவாங்க. ஏறும்போது விமானம் மெதுவாத்தான் போகும், அதைச் சேக்கணும்." பேனாவை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தான். இத்தனை மாதங்களில் அவன் முகத்தில் பார்க்காத ஒரு வெளிச்சம். சாம்பல் நிறமாகிப் போன அந்தக் கன்னத்தில், வேலைக்குப் போன நாட்களின் வெண்டெல் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்தான். இரண்டு மணி நாற்பத்தேழு நிமிஷம் என்று எழுதி, விநாடியும் போட்டு, அடியில் கோடு இழுத்தான்.

பெர்னீஸ் யோசிக்கவே இல்லை. கிறுக்கிக் கொடுத்துவிட்டாள்.

கடற்கரை மறைந்தது. அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. மேற்கு நோக்கிப் பறக்கும்போது ஒரு விசித்திரம் உண்டு. விமானம் சூரியனைத் துரத்திக்கொண்டே போகும். மத்தியானம் நகராது. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் ஒரு பூனையைப்போல வெண்டெலின் மடியில் ஏறிப் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. கீழே மேகங்கள் தங்கள் நிழலைக் கடல்மேல் போட்டிருந்தன. ஒவ்வொரு நிழலும் ஒரு தீவு மாதிரி இருந்தது. அந்தத் தீவுகளுக்கு நான் பேர் வைத்துக்கொண்டு வந்தேன். கண் செருகியபோது, விமானம் அப்படியே நின்றுவிட்டது போலவும், டேலி சிட்டி தன் மூடுபனியோடு பின்னால் போய்க்கொண்டிருப்பது போலவும், கைமுகி மாமரத்தோடும் மஞ்சள் சுவரோடும் தண்ணீரில் மிதந்து எங்களைப் பார்க்க வந்துகொண்டிருப்பது போலவும் இருந்தது. நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருப்பது மட்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டைக் கரையில் காரை நிறுத்திவிட்டு, மடியில் சோற்றுப் பொட்டலத்தோடு விமானங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். "இதோ வருதே, இது என்னோடது" என்பான். அவன் வழி போட்டுக் கொடுத்த விமானம். சக்கரம் தரையைத் தொட்டுப் புகை கிளம்பும்வரை வாயில் வைத்த சோற்றை மெல்லமாட்டான்.

என் கையை யாரோ இறுக்கினார்கள். விழித்துக்கொண்டேன். வெண்டெல்தான். உதடு நீலம் பூத்திருந்தது. மூச்சைச் சின்னச் சின்னத் துண்டாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. எதிர்க்காத்து."

"விளையாடாத. நான் கூப்பிடறேன்."

"கூப்பிட்டா திருப்பிடுவாங்க, லோரி."

எனக்குப் புரிந்தது. நோயாளி மோசமாகிவிட்டார் என்று தெரிந்தால் கேப்டன் எது சீக்கிரம் வருமோ அந்த ஊருக்குப் போவார். இப்போது சான்பிரான்சிஸ்கோதான் பக்கம். ஆம்புலன்ஸ், அதே ஆஸ்பத்திரி, அதே ஐந்தாம் மாடி, ஜன்னலுக்கு வெளியே அதே பனி. அங்கே போனால் அவன் மறுபடி விமானம் ஏறமாட்டான். இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

"தாண்டட்டும். அப்புறம் நீ யாரை வேணாலும் கூப்பிடு" என்றான்.

அட்டை விளையாட்டில் சொல்லும் பாதியைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். பாதியைத் தாண்டிவிட்டால் ஹொனலுலுதான் பக்கம் என்பதற்கு நூலகக்காரியின் கணக்கே போதுமே. கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவன் கழுத்து நரம்பு துடிப்பதை எண்ணக் கூடாது என்று கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன். உயிலானி இரண்டு தடவை எங்களைத் தாண்டிப் போனாள். முதல் தடவை, "அங்கிள், முகம் வாடியிருக்கே?" என்றாள்.

"வயசாயிடுச்சும்மா, முகம் இப்படித்தான்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காக மூச்சைச் சேர்த்து வைத்திருந்தான்.

இரண்டாம் தடவை அவன் விரல் நகங்களை மட்டும் பார்த்துவிட்டு முன்பக்கம் போனாள்.

மணி அடித்தது. கேப்டன் உற்சாகமாகச் சொன்னார்: பாதிக் கடலைத் தாண்டிவிட்டோம். எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டு நாற்பத்தொன்று, சில விநாடி. ஜெயித்த இருக்கை எண்ணைப் படித்ததும் பெர்னீஸ் தன் பெரிய கைகளால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா? ஐயோ கடவுளே, நான் என் பஸ் நம்பரைத்தான் எழுதினேன். இருநூத்தி நாப்பத்தொண்ணு!"

வெண்டெல் கண்ணைத் திறந்தான். "ஆறு நிமிஷம்" என்று முனகினான். "பஸ் நம்பர்கிட்ட தோத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி தாண்டிவிட்டது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. தலைக்கு மேலிருந்த அழைப்புப் பொத்தானை நோக்கிக் கையைத் தூக்கினேன். வெண்டெல் என் மணிக்கட்டைப் பிடித்தான். அவனிடம் அத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"இன்னும் இல்ல."

"பாதி தாண்டியாச்சு வெண்டெல். இப்ப நம்ம ஊர்தான் பக்கம்."

"மைல்ல பக்கம்."

அவன் சட்டைப்பையில் எப்போதும் உப்புப் போட்ட உலர்ந்த பிளம் வைத்திருப்பான். ஒன்றை எடுத்து, எங்கள் முன்னால் மடக்கி வைத்திருந்த சின்ன மேசையை இறக்கி, அதன் நடுவில் வைத்தான். மேசையின் வலது ஓரத்தைத் தொட்டான். "சான்பிரான்சிஸ்கோ." இடது ஓரம். "நம்ம ஊரு." பிறகு என் முகத்தில் மெல்ல ஊதினான். அவன் மூச்சு அவ்வளவுதான் வந்தது. "காத்து இப்படி அடிக்குது. இங்கேர்ந்து திரும்பினா, அது தள்ளிக்கிட்டுப் போகும். சீக்கிரம் போயிடலாம். முன்னால போனா முட்டிக்கிட்டுத்தான் போகணும். தூரம் பாதிதான். நேரம் இன்னும் பாதி ஆகல."

பிளமை இரண்டு விரல் அகலம் இடது பக்கம் தள்ளினான்.

"இங்க வந்தாத்தான் ரெண்டு பக்கமும் ஒரே நேரம். இதுக்கு அப்புறம் யாராலயும் திருப்ப முடியாது. திருப்பறது முட்டாள்தனம் ஆயிடும். அதுக்கு முன்னாடி கூப்பிட்டா..." மூச்சு வாங்கினான். "கேப்டன் திருப்பத்தான் செய்வான். நான் என் பழைய மேசையில இருந்தாலும் திருப்புன்னுதான் சொல்லுவேன். சொல்லியிருக்கேன்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி தாண்டிக் கொஞ்சம்."

"அதுவரைக்கும் தாங்குவியா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு, "லோரி, என்னைக் காப்பாத்தாத. கொண்டு போ" என்றான்.

அந்த இரண்டு விரல் அகலத்தைப் பற்றித்தான் இத்தனை வருஷமாக எழுத நினைக்கிறேன். எழுத உட்கார்ந்தால் அது அளவில்லாமல் விரிகிறது. நாங்கள் கல்யாணம் செய்துகொண்டது, மிச்சி பிறந்தது, அவன் அப்பா செத்தது, வீட்டுக்கு மஞ்சள் பூசியது எல்லாமே அந்த மேசையில் பிளமுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் நடந்த மாதிரி இருக்கிறது. வெயில் அவன் மடியில் அப்படியே படுத்திருந்தது. மேக நிழல்கள் எந்த அவசரமும் இல்லாமல் பின்னால் போயின. இத்தனை நீலத்துக்கு நடுவே ஓர் இடத்தில் ஒரு கோடு இருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாது, காற்று அடித்தால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகரும், அதை என் கணவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டப் போகிறான். எனக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் ஒரு தூக்கம் போல ஏதோ இருந்தது. அவன் கை என் கைக்குள் சில்லிட்டுக்கொண்டே வந்தது. ஒரு விரலை அசைப்பான், இருக்கிறேன் என்று. நானும் ஒரு விரலை அசைப்பேன்.

பெர்னீஸ் என் பக்கம் சாய்ந்தாள். பாட்டில் அவள் மடியில் இருந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல."

"தூங்கறான்" என்றேன்.

"அம்மா, நான் இருபத்தேழு வருஷம் பசங்களை ஏத்திக்கிட்டுப் போனவ. கண்ணாடியில ஒரு முகத்தைப் பாத்தாலே எது வாந்தி எடுக்கப்போகுதுன்னு தெரியும். இவர் தூங்கல." அவள் கை அழைப்புப் பொத்தானை நோக்கி உயர்ந்தது.

"வேண்டாம். தயவுசெஞ்சு. இன்னும் கொஞ்ச நேரம்."

அவள் கை அங்கேயே நின்றது. நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை. இப்போது அழைத்தால் திரும்பிவிடுவார்கள், அவன் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறான் என்று மட்டும் சொன்னேன். அவள் வெண்டெலைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினான்.

"இது யாரோட முடிவு?" என்று என்னைக் கேட்டாள்.

"அவனோடது."

"உங்களோடதும்தானே?"

அந்த நிமிஷம்வரை நான் அதை யோசிக்கவில்லை. நான் கைதூக்கினால் அவன் ஒருவேளை இன்னும் ஒரு மாதம் இருப்பான், மூடுபனிக்குள். மிச்சி தினமும் வந்து பார்ப்பாள். நான் தூக்காவிட்டால் இந்த இருக்கையிலேயே, இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாத இந்தத் தண்ணீருக்கு மேலேயே எல்லாம் முடிந்துவிடலாம். மிச்சிக்கு என்ன பதில் சொல்வேன்?

"என்னோடதும்தான்" என்றேன்.

பெர்னீஸ் கையை இறக்கிக்கொண்டாள். சத்தமில்லாமல் ஏதோ ஜெபம் செய்தாள். அவள் காலரில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் உயிலானி வந்தாள். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. தோளில் ஆக்சிஜன் சிலிண்டர் தொங்கியது. நடைபாதையில் மண்டியிட்டு, பெர்னீஸைத் தாண்டிக் கைநீட்டி, முகமூடியை வெண்டெலின் மூக்கருகே கொண்டு வந்தாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடிகாரத்தைக் காட்டினான். "இன்னும் இல்லம்மா. இன்னும் பத்துப் பன்னெண்டு நிமிஷம் இருக்கு."

"இல்ல அங்கிள். இப்பதான் தாண்டினோம்."

"மூணு பதினாறுக்குத்தான்."

"காத்து விழுந்துடுச்சு. முன்னாடி சொன்ன அளவுக்கு இல்ல. அதனாலதான் பாதியும் சீக்கிரம் வந்துச்சு. நான் கேப்டன்கிட்ட கேட்டுட்டுத்தான் வரேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ஆன்ட்டிக்கு மேசையில காட்டினது காதுல விழுந்துச்சு. அவர்கிட்ட யாருக்குன்னு சொல்லல. அந்தக் கோட்டை எப்ப தாண்டுவோம்னு மட்டும் கேட்டேன். தாண்டினதும் எனக்குச் சொல்லுங்கன்னேன். அவரும் எதுக்குன்னு கேக்கல."

வெண்டெல் அவளையே பார்த்தான். வாழ்நாள் முழுக்கக் காற்றைப் படித்தவன் ஒரே மத்தியானத்தில் இரண்டு தடவை காற்றிடம் தோற்றிருந்தான். ஆறு நிமிஷத்தில் தோற்றபோதே அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வலி அவன் கணக்கைத் தின்றுவிட்டது. தெரிந்திருந்தால், பயந்து காத்திருக்க வேண்டிய நேரத்தில் பன்னிரண்டு நிமிஷம் குறைவு என்று முன்பே கணக்குப் போட்டிருப்பான்.

முகமூடியை மாட்டவிட்டான். நாலைந்து மூச்சு போனதும் உதட்டில் நிறம் வந்தது. விலக்கச் சொல்லிச் சைகை காட்டினான்.

"எந்த ஹைஸ்கூல்னு சொன்னே?"

"கைமுகி, அங்கிள்."

"நல்ல ஸ்கூல்."

உயிலானி சிரித்தாள், அப்படியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, இப்ப முறையாக் கேக்கறேன். எங்க வலிக்குது? எப்பலேர்ந்து? கேப்டன்கிட்ட இப்ப உங்க பேரைச் சொல்லித்தான் ஆகணும். ஹொனலுலுவுலதான் எறங்குவோம். வேற எங்கயும் எறங்க முடியாது."

அவள் எழுந்து போனதும் வெண்டெல் மேசையில் இருந்த பிளமை எடுத்தான். முகமூடியைக் கொஞ்சம் தூக்கி வாயில் போட்டுக்கொண்டான். புளிப்பும் உப்பும் ஏறியதில் அவன் முகம் முழுக்கச் சுருங்கியது. பெர்னீஸ் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

மொலகாய் தீவின் பாறைச்சுவர் முதலில் தெரிந்தது. அவன் தூங்கிப் போயிருந்தான். எழுப்பலாமா என்று யோசித்து, எழுப்பினேன். எங்கள் தீவு வலது பக்கம் வந்ததும் அந்தப் பக்கத்து இருக்கைக்காரர்கள் தங்கள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்கள். வெண்டெல் எதையும் எட்டிப் பார்க்கவில்லை. சக்கரம் தரையைத் தொடும்வரை பிளம் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். தொட்டதும், "இதுவும் என்னோடதுதான்" என்றான்.

எங்கள் விமான நிலையத்தின் நீண்ட நடைவழிக்குப் பக்கச் சுவர் கிடையாது. ஆம்புலன்ஸ் ஆட்கள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவசரமாகப் போனபோது அவன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். முகமூடியை இறக்கினான். எரிபொருள் வாடை, மழை வரப்போகும் வாடை, கீழே தோட்டத்துப் பூ வாடை எல்லாம் சேர்ந்து வெதுவெதுப்பாக வந்து முகத்தில் பட்டது. அந்த ஆட்கள் உள்ளூர்ப் பையன்கள். நாற்காலியை நிறுத்திக்கொண்டார்கள். பெர்னீஸ் பின்னாலேயே ஓடிவந்து பாட்டிலை அவன் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவளை நான் மறுபடி பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்திருந்தார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இங்கே வைத்துப் பயனில்லை என்று. கடல்காற்றில் பூட்டு துருப்பிடித்திருந்தது. நான் திறக்கப் போனேன். "என் வேலை" என்றான். அவன் கையைச் சாவியில் வைத்து, அதன் மேல் என் கையை வைத்து, இரண்டு பேருமாகத் திருப்பினோம். சுற்றவே இல்லை. வெண்டெல் பூட்டை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். அப்புறம் திறந்தது.

அவன் அந்த வீட்டில் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தான். கட்டிலைத் திண்டாடி ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். மாமரம் பூத்திருந்தது. மிச்சி அடுத்த விமானத்திலேயே வந்துவிட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னோடு ஒரு பகல் முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம் அவளாகவே வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். ஒயினைத் திறந்து அவன் உதட்டில் தொட்டு வைத்தோம். "புளிக்குது. பஸ் நம்பருக்கு இதான் கிடைக்கும்" என்றான். நன்றாகச் சொன்ன கடைசி வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். காலையில் மலையிலிருந்து காற்று இறங்கும் நேரத்தில் போனான்.

இது நடந்து பல வருஷமாகிறது. அவன் மேசையும் அந்த அறையும் இப்போது இல்லை, வழி போடும் வேலையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நான் தனியாகத்தான் இருக்கிறேன். மத்தியானம் மெயின்லாண்டிலிருந்து வரும் விமானங்கள் கடல்பக்கம் வரிசையாக இறங்குவது வாசலில் நின்றால் தெரியும். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் அட்டையில் எழுதி ஜெயித்திருப்பார். வேறு யாரோ எதையும் எழுதாமல், கை தட்டாமல், கடலில் இரண்டு விரல் அகலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சக்கரம் தொடும் சத்தம் இங்கே கேட்காது. ஆனாலும் அதுவரை நான் காப்பியைக் குடிப்பதில்லை.

மிச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். போன வாரமும் கேட்டாள்.

"தனியா என்னம்மா பண்ற அங்க? இங்க வந்துடேன். கிழக்க வர்றதுக்கு அஞ்சு மணி நேரம்கூட ஆகாது. என்ன பெரிய தூரம்?"

"எந்த நாளைக்குக் கேக்கற?" என்றேன்.

மறுமுனையில் மிச்சி சிரித்தாள், அவள் அப்பாவைப் போலவே, இருமலில் போய் முடிகிற மாதிரி. வெளியே மாமரத்தடியில் ஏதோ சலசலத்தது. பள்ளிக்கூடம் விட்டிருந்தது போல. போனை வைக்காமலே எட்டிப் பார்த்தேன். இரண்டு பெண்பிள்ளைகள், கைமுகிச் சட்டை, ஒருத்தி மற்றவள் தோளில் ஏறியிருந்தாள்.

நான் பார்க்காத மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.